வழுக்காமல் பிடிக்கும் தட்டு

தேய்ந்த கிளட்ச் மேட்டில்தான் காட்டிக்கொடுக்கும். நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் எகிறும், வண்டி மட்டும் அதே வேகத்தில் போகும். பட்டறைக்குக் கொண்டுபோனால் கூலியைக் கேட்டதும் முகம் வாடும். மாற்ற வேண்டிய தட்டு சிறிய கார்களில் 20 சென்டிமீட்டர் அளவுதான். ஆனால் அது இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொட கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். இதை வீட்டு வாசலில் செய்துவிட முடியுமா? முன்சக்கரம் இழுக்கும் சிறிய கார், இரண்டு பேர், அவசரமில்லாத ஒரு வார இறுதி இருந்தால் முடியும். கூடவே, அங்கே என்ன நடக்கிறது என்ற தெளிவும் வேண்டும்.

இன்ஜினோடு சேர்ந்து ஃப்ளைவீல் சுற்றுகிறது. அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருப்பது பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் கிளட்ச் பிளேட், கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் பற்களில் கோத்திருக்கிறது. அழுத்தும் விசை, உராய்வு எண், சராசரி ஆரம், உராயும் பக்கங்கள் இரண்டு: இந்த நான்கையும் பெருக்கினால் கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை வரும். 3,500 நியூட்டன் (சுமார் 350 கிலோ எடை) அழுத்தம், 0.3 உராய்வு எண், 8 சென்டிமீட்டர் ஆரம் என்று வைத்தால் 168 நியூட்டன்-மீட்டர். 115 தரும் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு இது தாராளம். தட்டின் பரப்பளவு இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய தட்டு அதிகம் தாங்குவது அதன் ஆரத்தால்தான்.

அதே தட்டில் எண்ணெய் பட்டு உராய்வு எண் 0.1 ஆனால் தாங்குவது 56 மட்டும். கிரீஸ் கையோடு லைனிங்கைத் (தட்டின் உராயும் முகத்தை) தொடாதே என்று மேஸ்திரி பையனை அதட்டுவதன் காரணம் இதுதான். இன்ஜின் பக்கத்து ஆயில் சீல் கசிந்தால் அதையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் புதுத் தட்டும் கெட்டு, மறுபடி கியர் பாக்ஸை இறக்க நேரும்.

தட்டு தேய்வது பெரும்பாலும் ஓடும்போது அல்ல, வழுக்கும்போது. 1,000 கிலோ கார் ஒன்றைப் பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில், பிரேக் பிடிக்காமல், ஹாஃப் கிளட்ச்சிலேயே நிறுத்தி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கியரில் கிளட்ச்சுக்கு வரும் சுமை ஏறக்குறைய 20 நியூட்டன்-மீட்டர். இன்ஜின் 1,500 ஆர்.பி.எம்மில் சுற்றினால் அங்கே பிறக்கும் வெப்பம் 3 கிலோவாட். மூன்று இஸ்திரிப்பெட்டிகளை அந்தச் சிறு தட்டின்மேல் வைத்து ஸ்விட்ச் போட்டதற்குச் சமம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் பஸ் நிற்கும்போதெல்லாம் இப்படி ஓட்டினால் கருகிய வாடை வராமல் என்ன செய்யும்?

எனக்கு மிகவும் பிடித்த பாகம் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங். சுருள் ஸ்பிரிங்கை அழுத்த அழுத்த எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். சற்றே கூம்பான வட்டத் தகடு அப்படியல்ல. ஓர் எல்லை வரை எதிர்ப்பு கூடும், அதைத் தாண்டினால் குறையும். இந்தக் கூம்புத் தகட்டுக்கு பிரான்ஸில் ஜூலியன் பெல்வில் 1867இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கார் கிளட்ச்சில் இருப்பது அதன் வாரிசு. புதுத் தட்டு போட்டதும் ஸ்பிரிங் அந்த எல்லையைத் தாண்டிய நிலையில் இருக்கும், அதனால் பெடல் லேசாக இருக்கும். தட்டு தேயத் தேய ஸ்பிரிங் எல்லையை நோக்கித் திரும்புகிறது. பிடி இறுகுகிறது, பெடல் கனக்கிறது. ஆகவே வழுக்கலுக்கு முன்பே கால் நமக்குச் சேதி சொல்லிவிடும். கேபிள் துருப்பிடித்தாலும் பெடல் கனக்கும் என்பதால் அதை முதலில் பார்ப்பது நல்லது.

இனி வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, ஆக்சில்களை உருவி, இன்ஜினுக்கு முட்டுக் கொடுத்த பிறகே கியர் பாக்ஸ். அதன் பாரத்தை ஷாஃப்ட்டில் தொங்கவிட்டால் தட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விட்டால் ஸ்பிரிங்கின் விசை பிரஷர் பிளேட்டின் கவரை நெளித்துவிடும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பழைய வண்டியின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதன் இழை நுரையீரலில் தங்கிவிடும். ஃப்ளைவீலில் நீலத் திட்டுகளோ மயிரிழை விரிசலோ தெரிந்தால் லேத் பட்டறையில் காட்டிக் கேட்டுவிடுங்கள். பெடலை மிதித்ததும் ஸ்பிரிங்கைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் நன்றாகவே இருந்தாலும் மாற்றுங்கள்.

வீட்டில் செய்பவர்கள் அதிகம் திணறுவது தட்டை நடுவில் நிறுத்துவதில். பிரஷர் பிளேட்டை இறுக்கும்வரை தட்டு எங்கும் நகரும். இறுக்கியபின் இம்மி நகராது. சற்று விலகி இறுகினாலும் ஷாஃப்ட் நுழைய மறுக்கும், பாரமான கியர் பாக்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடக்க வேண்டியதுதான். இதற்கென்றே பிளாஸ்டிக் குச்சி விற்கிறார்கள். பட்டறைகளில் பழைய கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டையே சொருகிப் பார்ப்பார்கள், அது இன்னும் நல்லது. தட்டில் ‘கியர் பாக்ஸ் பக்கம்’ என்று பொறித்த முகத்தை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

எல்லாம் மாட்டி, பெடலின் தளர்வைச் சரிசெய்ததும் வண்டி ஓடும். ஆனால் புது லைனிங் மேடுகளில் மட்டுமே ஃப்ளைவீலைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த மேடுகள் தேய்ந்து முழு முகமும் படிய சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை மலைப்பாதையும் பாரமும் வேண்டாம்.