விற்கப் போனவரிடமே வசூல்

2021 பிப்ரவரியில், அப்போதைய தில்லி முதல்வர் அரவிந்த் கேஜ்ரிவாலின் குடும்பத்தில் ஒருவர் பழைய சோபாவை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்தார். வாங்குவதாகச் சொன்ன ஆள் முதலில் சிறு தொகையை அனுப்பி, கணக்கு சரிதானா என்று பார்த்தான். அடுத்து ஒரு கியூஆர் கோடு அனுப்பினான். ஸ்கேன் செய்ததும் 20,000 ரூபாய் போனது. ஏதோ தவறு, திருப்பித் தருகிறேன் என்று மறுபடி ஒரு கோடு. அதில் 14,000 போனது.

விற்பது சோபா ஆனாலும் லேப்டாப் ஆனாலும் கதை இதுதான். வாங்குபவர்தான் ஏமாறுவார், காசு வாங்கும் நமக்கென்ன பயம் என்ற நினைப்பிலேயே விற்பவர் அசந்துபோகிறார்.

வாங்குவதாகத் தொடர்புகொள்ளும் ஆள் பல நேரம் தன்னை ராணுவத்தில் இருப்பவன் என்பான். அடையாள அட்டைப் படமும் வரும். சீருடை மீது நமக்குள்ள மரியாதை ஒரு பக்கம். மறுபக்கம், நேரில் வர முடியாது என்பதற்கு அந்த ராணுவப் பணியே காரணமாகவும் ஆகிறது. கேட்ட விலைக்கு உடனே சம்மதிப்பான். பழைய போனுக்குப் பேரம் பேசாத ஆளை நம் ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்? அங்கேயே சந்தேகம் வர வேண்டும்.

யுபிஐ-யில் பின் எண் பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான். பணம் பெற எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், பின் எண்ணும் போட வேண்டாம். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தும்படி தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் உத்தரவிட்டது. அந்த வழி அடைபட்டாலும் கியூஆர் கோடு இருக்கத்தான் செய்கிறது.

நேரில் வருபவனிடம் வேறு வித்தை உண்டு. பணம் போய்விட்டதாகப் பச்சை டிக் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. வங்கி அனுப்பியதுபோல வரும் குறுஞ்செய்தி சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் அது போலி. அவன் திரையை நம்பாமல், நம் வங்கிச் செயலியில் இருப்பைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும். ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் கைமாற்றுவது நல்லது.

போனைக் கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்து, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன் பிறகு ரீசெட் செய்ய வேண்டும். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணையும் தேதியையும் எழுதி, வாங்குபவரின் கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தப் போன் நாளை ஏதாவது குற்றத்தில் சிக்கினால் கைகொடுப்பது அதுதான்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் கொண்டிருக்க நேரமில்லை. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தகவல் போனால் முடக்கிவைக்க வாய்ப்புண்டு. வங்கியிடமும் அப்போதே சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, நாமே பின் எண் போட்டது போன்ற கவனக்குறைவால் வந்த இழப்பு நம் தலையில்தான். ஆனால் புகார் சொன்ன பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது. 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

'இது எங்கள் எல்லை இல்லை' என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்ப முடியாது; 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் பதியும் ஜீரோ எஃப்ஐஆருக்கு இடமுண்டு. கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது.

பலரும் எதிர்பாராத சிக்கல் இன்னொன்று உண்டு. வாங்கியவன் வேறு யாரிடமோ திருடிய பணத்தில் நமக்குக் கொடுத்திருந்தால், விசாரணையில் நம் கணக்கும் முடங்கலாம். அப்போது எந்த ஊர்க் காவல்துறை முடக்கியது என்று வங்கியில் கேட்டு, பழைய பில், விற்பனைச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் விசாரணை அதிகாரிக்கு எழுத்துபூர்வமாக அனுப்ப வேண்டும்.