கடை ஜெனரேட்டருக்கு எந்த ஆயில்?
சிந்தெடிக் வாங்குமுன் ஒரு கணக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பாலும் தயிரும் ஐஸ்கிரீமும் இருப்பு வைத்திருந்த கடைகளை அந்த நாட்களில் காப்பாற்றியது, வாசலில் ஓடிய சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்தான்.

எங்கள் கடை ஜெனரேட்டரும் இரவு பகலாக ஓடியது. பெட்ரோல் தீரத் தீர ஊற்றினோம். ஆயிலை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ஆறாம் நாள் இரவு 'கடக்' என்ற சத்தத்துடன் நின்றது. பிரித்த மெக்கானிக், பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்திருந்ததைக் காட்டினார். அடியில் அரை டம்ளர் கறுப்புக் குழம்பு கிடந்தது. "கடைசியா எப்ப ஆயில் மாத்துனீங்க முதலாளி?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. பிரீசரில் இருந்த சரக்கும் போயிற்று, இயந்திரமும் போயிற்று.

இப்போது சந்தையில் சிந்தெடிக் ஆயில் பலவிதமாக வருகிறது. "விலை கூடுதலானாலும் அதைப் போட்டுவிட்டால் கவலை இல்லையே?" என்று நம் வணிகர்கள் பலரும் கேட்கின்றனர். விற்பவர் சொல்லை மட்டும் நம்பாமல், சரக்கின் தன்மை அறிந்து கொள்முதல் செய்வதுதானே நம் வழக்கம்? இதையும் அப்படியே பார்ப்போம்.

காற்றில் குளிரும் இயந்திரம்

காரில் தண்ணீர் சுற்றி வந்து இயந்திரத்தின் சூட்டை ஒரே அளவில் நிறுத்துகிறது. நம் ஜெனரேட்டரில் அந்த ஏற்பாடு இல்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளின் மேல் படும் காற்றுதான் சூட்டைத் தணிக்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் முழு லோடு கொடுத்தால் சூடு ஏறிக்கொண்டே போகும். ஆகவே இங்கே ஆயிலுக்கு இரண்டு வேலை. உராய்வைத் தடுக்க வேண்டும், உள்ளே உள்ள சூட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. இத்தகைய சிறிய இயந்திரங்களில் பெரும்பாலும் ஆயில் பில்டர் கிடையாது. உள்ளே ஒரு கரண்டி போன்ற பாகம் ஆயிலை வாரி இறைக்கிறது, அவ்வளவுதான். உள்ளே தேயும் உலோகத் துகளும் கரியும் ஆயிலிலேயே தங்கிவிடும்.

சிந்தெடிக் என்றால் என்ன?

எண்ணெயின் குணம் நமக்குத் தெரியாததல்ல. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. வெல்லப் பாகு சூட்டில் தண்ணீராய் ஓடும், ஆறினால் கெட்டியாகும். என்ஜின் ஆயிலும் சூடேற ஏற நீர்த்துப்போகும். அதிகம் நீர்த்தால் இரும்பும் இரும்பும் உரசும்.

கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது சாதாரண மினரல் ஆயில். ரசாயன முறையில் மூலக்கூறுகளை ஒரே சீராக அமைத்து எடுப்பது சிந்தெடிக். இது சூட்டில் அவ்வளவாக நீர்ப்பதில்லை. எளிதில் கருகிக் கசடாவதுமில்லை. காற்றில் குளிரும் இயந்திரத்துக்கு இந்த இரண்டும் மெய்யான நன்மைகள்.

ஆனால் பெயரில் ஒரு சூட்சுமம் உண்டு. கச்சா எண்ணெயையே மிக உயர்ந்த முறையில் சுத்திகரித்து, சிந்தெடிக் என்று காஸ்ட்ரால் நிறுவனம் அமெரிக்காவில் விளம்பரம் செய்தது. மொபில் நிறுவனம் ஆட்சேபித்தது. விளம்பரங்களை ஆராயும் அமைப்பு 1999-இல் காஸ்ட்ராலுக்குச் சாதகமாக முடிவு சொன்னது. எனவே இன்று அந்த ஒரே பெயரில் இரண்டு வகைச் சரக்கும் வருகின்றன. இரண்டும் நல்ல சரக்கே. எனினும் டப்பாவின் முன்புறப் பெரிய எழுத்தைவிடப் பின்புறச் சிறிய எழுத்தே முக்கியம்.

டப்பாவில் பார்க்க வேண்டியவை

முதலில் எஸ்.ஏ.இ. எண். 10டபிள்யூ-30 என்பதில் முன் எண் குளிரில் ஓடும் தன்மையையும், பின் எண் சூட்டில் நிற்கும் கனத்தையும் குறிக்கும். சமவெளியில் உள்ள நமக்குப் பின் எண்ணே முக்கியம். பல சிறிய ஜெனரேட்டர்களுக்கு 10டபிள்யூ-30 அல்லது எஸ்.ஏ.இ. 30 என்று கையேட்டில் இருக்கும். கையேடு சொல்லும் எண்ணை விட்டு, "கெட்டியாக இருந்தால் நல்லது" என்று மாற்ற வேண்டாம்.

அடுத்தது ஏ.பி.ஐ. தரம். பெட்ரோல் இயந்திர ஆயிலுக்கு 'எஸ்' என்று தொடங்கி இன்னோர் எழுத்து வரும். எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.என். என அகரவரிசையில் பின்னே போகப் போகப் புதிய தரம். கையேட்டில் உள்ள தரமோ அதற்குப் பிந்தியதோ இருந்தால் போதும்.

மூன்றாவது, சரக்கு கொண்டுபோகும் மோட்டார் சைக்கிளுக்கு வாங்கும்போது ஜாசோ எம்.ஏ. முத்திரை வேண்டும். அதில் கிளட்ச் ஆயிலிலேயே நனைந்திருக்கும். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். ஜெனரேட்டரில் அத்தகைய கிளட்ச் இல்லாததால் அந்தக் கவலை இல்லை. பெட்ரோலில் கலந்து ஊற்றும் 2டி ஆயிலை ஜெனரேட்டரின் ஆயில் தொட்டியில் ஒருபோதும் ஊற்றலாகாது.

மணிக் கணக்கும் பணக் கணக்கும்

பொதுவாகக் கையேடுகள் சொல்வது: புதிய இயந்திரத்துக்கு முதல் மாதத்தில் அல்லது 20 மணி நேரத்தில் ஆயில் மாற்றுக. பிறகு ஆறு மாதம் அல்லது 100 மணி நேரம், எது முந்துகிறதோ அப்போது மாற்றுக. நாங்கள் ஏமாந்தது இங்கேதான். சாதாரண நாளில் ஆறு மாதத்தில் ஓடும் 100 மணி, புயல் நாளில் ஆறே நாளில் ஓடிவிட்டது.

சிந்தெடிக் போட்டால் 300 மணி தாங்கும் என்று யாரேனும் சொன்னால் ஏற்க வேண்டாம். ஆயில் கெடாமல் இருக்கலாம், பில்டர் இல்லாததால் அழுக்கு அதிலேயேதான் இருக்கும். கையேடு சொன்ன மணி, சொன்ன மணியே.

அப்படியானால் சிந்தெடிக் வீண் செலவா? கணக்குப் போடுவோம். சாதா ஆயில் லிட்டர் 400 ரூபாய், சிந்தெடிக் 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறைக்கு 600 மில்லி பிடித்தால் 240 ரூபாய்க்குப் பதில் 540 ரூபாய். வித்தியாசம் 300 ரூபாய். 100 மணிக்குப் பங்கிட்டால் மணிக்கு 3 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோல் 100 ரூபாயை ஒட்டி விற்கும்போது இது பெரிய தொகை அல்ல.

ஆகவே பிரீசர் வைத்துள்ள கடை, நீண்ட நேரம் முழு லோடில் ஓட்டும் கடை ஆகியவற்றுக்கு சிந்தெடிக் தகும். மாதத்துக்கு ஒன்றிரண்டு மணி விளக்குக்கும் தராசுக்கும் ஓட்டுபவருக்கு நல்ல மினரல் ஆயிலே போதும். ஆனால் மாற்றாத சிந்தெடிக்கைவிட, வேளைக்கு மாற்றும் சாதா ஆயில் மேல். இதை மறக்க வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு முறை ஓட்டுமுன்னும், இயந்திரம் நின்ற நிலையில் சமதரையில் வைத்து ஆயில் அளவு பார்க்க வேண்டும். தொடர்ந்து ஓடும் நாட்களில் பெட்ரோல் ஊற்ற நிறுத்தும்போதெல்லாம் பார்ப்பது நலம். குளிர்விக்கும் தகடுகளில் படியும் மாவையும் சாக்குத் தூசியையும் துடைக்க வேண்டும். மூடிய இடத்தில் வைத்தால் இயந்திரம் வேகும். அதைவிட முக்கியம், அதன் புகை உயிரைக் கொல்லும். ஷட்டருக்குள் வைத்து ஒருபோதும் ஓட்டலாகாது.

ஆயிலைப் பில்லுடன் வாங்குக. சீல், தயாரிப்புத் தேதி, பேட்ச் எண் பார்க்க வேண்டும். காலி டப்பாவை அப்படியே போட்டால் போலிச் சரக்கு நிரப்புவோர் கைக்குப் போகும். வெட்டிப் போடுவோம். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒர்க்ஷாப்பில் சேர்ப்போம்.

எங்கள் புது ஜெனரேட்டரின் மேல் இப்போது ஒரு சிறு நோட்டு நூலில் தொங்குகிறது. ஓடிய மணி, ஆயில் மாற்றிய தேதி இரண்டும் அதில் பதிவாகின்றன. பற்று வரவு எழுதாமல் நாம் கடை நடத்துவதில்லை. கடையைக் காக்கும் இயந்திரத்துக்கும் ஒரு கணக்கு எழுதினால் என்ன?