தொடக்கப் பள்ளி, குருகுலம், மாதிரிப் பள்ளி: சித்தூர், திருப்பதியில் பள்ளிகளின் பெயர்கள் உணர்த்துவது என்ன?

ஆந்திர மாநிலத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் ஜில்லா பரிஷத் பள்ளி, மண்டல பரிஷத் பள்ளி, குருகுலம், மாதிரிப் பள்ளி, கான்வென்ட் எனப் பல பெயர்களில் பள்ளிகள் இயங்குகின்றன. இவை வெறும் பெயர்கள் அல்ல. பள்ளியை நடத்துவது யார், எந்த வகுப்பு வரை உள்ளது, கட்டணம் உண்டா, குழந்தை எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும் என்பனவற்றைத் தீர்மானிப்பவை. தமிழக எல்லையை ஒட்டிய இப்பகுதியில், இரு மாநிலங்களிலும் ஒரே சொல் வெவ்வேறு பொருளில் வழங்குவதால் பெற்றோர் குழப்பமடைவதும் உண்டு.

வரலாறு தந்த பெயர்கள்

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பட்டது. அக்காலத்தில் மாவட்டக் கழகங்கள் நடத்திய உயர்நிலைப் பள்ளிகளை மக்கள் 'போர்டு ஹைஸ்கூல்' என்று அழைத்தனர். 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானது. 1959-இல் அங்கு பஞ்சாயத்து ராஜ் முறை நடைமுறைக்கு வந்தபோது, ஊரகப் பகுதி உயர்நிலைப் பள்ளிகள் ஜில்லா பரிஷத்தின் பொறுப்பில் சேர்ந்தன. தமிழகத்திலோ அத்தகைய பள்ளிகள் பின்னர் அரசு உயர்நிலைப் பள்ளிகளாயின. தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் சென்றன.

ஆந்திரத்தில் 1980-களின் நடுப்பகுதியில் மண்டல முறை வந்த பிறகு, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகள் 'மண்டல பரிஷத்' பெயரைப் பெற்றன. தமிழகத்தின் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி'க்கு இணையானது இதுவே. பெயர்ப் பலகைகளில் இது 'எம்.பி.பி.எஸ்.' எனச் சுருக்கப்படும். தமிழ் எழுத்தில் மருத்துவப் பட்டத்துக்கும் இதுவே சுருக்கம் என்பதால், புதிதாக வருவோருக்கு முதலில் வியப்பே மிஞ்சும்.

மேல்நிலைப் பள்ளியா, ஜூனியர் கல்லூரியா?

தெலுங்கில் 'பிராதமிக பாடசாலை' என்பது தொடக்கப் பள்ளி. 'பிராதமிகோன்னத பாடசாலை' என்பது நடுநிலைப் பள்ளி. 'உன்னத பாடசாலை' என்பது உயர்நிலைப் பள்ளி. பேச்சு வழக்கில் எல்லாம் 'படி' தான். தமிழரின் திண்ணைப் பள்ளிக்கு அங்கு 'வீதி படி' என்று பெயர்.

முக்கிய வேறுபாடு 10-ஆம் வகுப்புக்குப் பின் தொடங்குகிறது. தமிழகத்தில் 1978 முதல் 11, 12-ஆம் வகுப்புகள் மேல்நிலைப் பள்ளியில் உள்ளன. ஆந்திரத்தில் அவை பெரும்பாலும் 'இன்டர்மீடியட்' என்ற பெயரில், ஜூனியர் கல்லூரியில், தனி வாரியத்தின் கீழ் நடக்கின்றன. எனவே நகரியில் 10-ஆம் வகுப்பு முடிக்கும் மாணவர் 'கல்லூரி'யில் சேர்கிறார் என்றால், தமிழகக் கணக்கில் அவர் பிளஸ் 1 சேர்கிறார் என்பதே பொருள்.

2022 மாற்றமும் 2025 மாற்றமும்

பள்ளியின் பெயர் எவ்வளவு முக்கியம் என்பதை 2022-இல் வெளியான அரசாணை எண் 117 உணர்த்தியது. தேசியக் கல்விக் கொள்கையின் 5+3+3+4 அமைப்பை ஒட்டி, அன்றைய மாநில அரசு பள்ளிகளை ஆறு வகைகளாகப் பிரித்தது. மழலையர் வகுப்புகள் மட்டும் உள்ளவை 'சாட்டிலைட் அடித்தளப் பள்ளி'கள். அவற்றுடன் 1, 2-ஆம் வகுப்புகளும் இருந்தால் 'அடித்தளப் பள்ளி'. 5-ஆம் வகுப்பு வரை இருந்தால் 'அடித்தளப் பள்ளி பிளஸ்'. அதற்கு மேல் முன் உயர்நிலை, உயர்நிலை, உயர்நிலை பிளஸ் ஆகியவை அமைந்தன.

இதன்படி, 'அடித்தளப் பள்ளி' ஆன ஊர்களில் 3-ஆம் வகுப்புக் குழந்தைகள் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றப்பட்டனர். பாட ஆசிரியர்கள் கிடைப்பார்கள் என்று அரசு விளக்கியது. எட்டு வயதுக் குழந்தை சாலையையும் ஓடையையும் கடந்து செல்ல வேண்டுமா என்று பெற்றோரும் ஆசிரியர் சங்கங்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2024-இல் ஆட்சி மாறியது. 2025-இல் அந்த ஆணை விலக்கப்பட்டு, ஒன்பது வகைகள் கொண்ட புதிய அமைப்பு வந்தது. 'அடிப்படைத் தொடக்கப் பள்ளி', வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற நோக்கம் கொண்ட 'மாதிரித் தொடக்கப் பள்ளி' ஆகியவை அவற்றுள் அடங்கும்.

'மாதிரிப் பள்ளி' என்ற சொல் இங்கு கவனத்துக்கு உரியது. ஆந்திரத்தில் மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் தொடங்கப்பட்ட, 6-ஆம் வகுப்பு முதல் நடக்கும் ஆங்கில வழிப் பள்ளிகளுக்கும் இதே பெயர். தமிழகத்தில் மாவட்டந்தோறும் உள்ள அரசு உறைவிடப் பள்ளிகளும் மாதிரிப் பள்ளிகளே. மூன்றும் வெவ்வேறானவை.

தங்கிப் படிக்கும் பள்ளிகள்

'குருகுலம்' என்றதும் வேத பாடசாலை நினைவுக்கு வரலாம். திருமலையில் தர்மகிரி வேத பாடசாலை உண்மையிலேயே வேதக் கல்விக்கானது. ஆனால், ஆந்திரத்தில் 'குருகுல பாடசாலை' என்பது பொதுவாக அரசின் உண்டு உறைவிடப் பள்ளியைக் குறிக்கும். பட்டியலினத்தவருக்கு அம்பேத்கர் பெயரிலும், பிற்படுத்தப்பட்டோருக்கு ஜோதிபா பூலே பெயரிலும் இவை இயங்குகின்றன. கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா, படிப்பு இடைநிற்கும் அபாயத்தில் உள்ள பெண் குழந்தைகளுக்காக 2004-இல் தொடங்கப்பட்ட திட்டம். நவோதயா பள்ளிகளில் 6-ஆம் வகுப்புச் சேர்க்கை நுழைவுத் தேர்வு மூலம் நடைபெறுகிறது. மத்திய அரசு ஊழியர்களின் குழந்தைகளுக்கு முன்னுரிமை தரும் கேந்திரிய வித்யாலயா உறைவிடப் பள்ளி அல்ல.

தனியார் பள்ளிகளின் பெயர்கள்

'கான்வென்ட்' என்பது கன்னியர் மடத்தைக் குறித்த சொல். இன்று எந்தத் தனியார் ஆங்கில மழலையர் பள்ளிக்கும் அது வழங்குகிறது. 'டெக்னோ', 'ஒலிம்பியாட்', 'இன்டர்நேஷனல்' போன்ற அடைமொழிகள் அரசு வகுத்த பிரிவுகள் அல்ல. பாடத்திட்டத்தையோ அங்கீகாரத்தையோ அவை உறுதி செய்வதில்லை. தனியார் பள்ளிகளில் அரசு உதவி பெறுபவை, பெறாதவை என்ற பிரிவே சட்டப்படி முக்கியமானது. அரசு உதவி பெறாத, சிறுபான்மையினர் நடத்தாத பள்ளிகளில் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கக் கல்வி உரிமைச் சட்டம் வகை செய்கிறது.

தமிழ் வழிப் பள்ளிகள்

நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். 1960-இல் திருத்தணி தமிழகத்துடன் இணைந்த பிறகும் எல்லைக்கு அப்பால் தமிழ் பேசும் ஊர்கள் எஞ்சின. மொழிச் சிறுபான்மையினருக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்க அரசமைப்புச் சட்டத்தின் 350-ஏ பிரிவு மாநிலங்களை வலியுறுத்துகிறது. பலகையில் 'தமிழ்' என்று எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. தமிழில் எல்லாப் பாடங்களும் நடக்கின்றனவா, தமிழ் ஒரு பாடமாக மட்டும் உள்ளதா, ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டுள்ளதா என்பதே குழந்தையின் கல்வியைத் தீர்மானிக்கும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

* பள்ளியை நடத்துவது யார்? அங்கீகாரம் நடப்பில் உள்ளதா? 11 இலக்க யூடைஸ் எண் என்ன?
* எந்த வகுப்பு வரை உள்ளது? அடுத்த வகுப்புக்கு எந்தப் பள்ளிக்குச் செல்ல வேண்டும்?
* மாநிலப் பாடத்திட்டமா, சிபிஎஸ்இ பாடத்திட்டமா?
* பயிற்று மொழி எது? தமிழ் பாடமாக உண்டா?