ஆற்றங்கரை வரைபடத்தில் யாருக்கு இடம்?

சென்னையின் நீர்நிலைத் திட்டங்களில் ஆவடியை அடுத்த பருத்திப்பட்டின் பெயர் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, பருத்திப்பட்டு ஏரி. சுமார் 28 கோடி ரூபாய் செலவில் தூர்வாரப்பட்டு, நடைபாதை, படகுத்துறை, பறவைகளுக்கான மண்திட்டுகள் ஆகியவற்றுடன் 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மற்றொன்று, கூவம் ஆற்றின் குறுக்கே அமைந்த பருத்திப்பட்டு அணைக்கட்டு. 604.77 கோடி ரூபாய் மதிப்பிலான கூவம் சீரமைப்புத் திட்டம் இந்த அணைக்கட்டில் தொடங்கி, நேப்பியர் பாலத்தை அடுத்த முகத்துவாரம் வரை 32 கிலோமீட்டர் நீள்கிறது.

ஏரிக்கரையில் மாலைநேர நடைப்பயிற்சி. ஆற்றங்கரையிலோ 14,257 குடும்பங்களை அப்புறப்படுத்தும் கணக்கு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ‘வடிவமைப்பு’ என்ற சொல்லின் முழுப்பொருள் விளங்கும்.

வரைபடம் செய்யும் வேலை

நீர்முகப்பை வடிவமைக்கும் வல்லுநர்கள் முதலில் எல்லையைக் குறிக்கிறார்கள். பிறகு ஆற்றின் அகலம், கரையின் உயரம், கழிவுநீரைத் தடுக்கும் அமைப்புகள், நடைபாதை, பூங்கா, வேலி என ஒவ்வொன்றாக வரைகிறார்கள். எல்லைக்குள் அகப்பட்ட குடிசைகள் அப்போதே ‘ஆக்கிரமிப்பு’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. அங்கு வாழ்வோர் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள், எங்கே வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்பவை வரைபடத்தில் இடம்பெறுவதில்லை. அவை மறுகுடியமர்வு என்ற தனிக் கோப்புக்குப் போய்விடுகின்றன. கரை ஒரு துறையின் வேலையாகவும், மக்கள் இன்னொரு துறையின் சுமையாகவும் பிரிகிறார்கள்.

இந்தப் பிரிவினைக்குச் சாதி முகம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பட்டியல் சாதியினர் ஐந்தில் ஒரு பங்கினர். குடிசைப் பகுதிகளில் மட்டும் எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். ஊருக்குள் நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு நகரம் விட்டுவைத்த இடம், வெள்ளம் வரும் கரைகளும் கழிவுநீர்க் கால்வாய் ஓரங்களுமே.

வரலாற்றையும் நினைவுகூர வேண்டும். ஏரியின் மதகைத் திறந்து மூடி, வயல்களுக்கு நீரைப் பங்கிட்ட நீர்க்கட்டிப் பணியைத் தமிழகத்தின் பல ஊர்களில் செய்துவந்தவர்கள் தலித் மக்கள். நீரைக் காத்தவர்களுக்கு அந்த நீர் பாய்ந்த நிலத்தில் உரிமை இருக்கவில்லை. 1927இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தியபோது, பொது நீர்நிலை எவருக்குச் சொந்தம் என்ற கேள்வியைத்தான் அண்ணல் அம்பேத்கர் எழுப்பினார். அக்கேள்வி இன்று கரைகளின்மீது எழுகிறது.

இரண்டு அளவுகோல்கள்

ஆற்றின் நீரோட்டத்துக்குத் தடை என்பதே வெளியேற்றத்துக்குச் சொல்லப்படும் முதன்மைக் காரணம். ஆனால் இதே கூவத்தின் வழியேதான் துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலை வருகிறது. தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கும் என்று கூறி மாநில அரசே 2012இல் அப்பணியை நிறுத்தியது. பின்னர் ஈரடுக்குச் சாலையாக மாற்றி வடிவமைக்கப்பட்டு, 2022 மே மாதம் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. தூண்களுக்காக வடிவமைப்பு மாறியது, குடிசைகளுக்காக மாறவில்லை.

மாசுக்கும் இதே கணக்குதான். கொரட்டூர் ஏரியில் கழிவுநீரும் ஆலைக்கழிவும் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும், புதைசாக்கடை இல்லாமலே வளர்ந்த குடியிருப்புகளும் ஏரிக்குக் கழிவை அனுப்பியபடி இருக்க, கரையில் குடிசை போட்டவரை அகற்றினால் நீர் தெளிந்துவிடாது.

‘வெள்ளத்தில் சாகவிடுவதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முதலில் வீடிழந்தவர்களுள் கரையோர மக்களும் அடங்குவர். பாதுகாப்பான வீடு அவர்களின் நெடுநாள் கோரிக்கை. ஆனால் அவர்கள் அனுப்பப்பட்ட இடங்கள் எவை? 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவில், சத்தியவாணிமுத்து நகரிலிருந்து அகற்றப்படத் தொடங்கிய சுமார் 2,000 குடும்பங்களுக்குக் கிடைத்த இடம் பெரும்பாக்கம். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய, வெள்ளம் தேங்கும் பகுதி.

மேற்குப் புறநகரும் இதில் பங்குபெறுகிறது. கூவக்கரைக் குடும்பங்களில் ஒரு பகுதியினர் அம்பத்தூரை அடுத்த அத்திப்பட்டுக்கும், பூந்தமல்லிக்கு அப்பால் திருமழிசையை ஒட்டிய கூடப்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். ஆற்றின் அழகு தொடங்கும் திசைக்கே, ஆற்றிலிருந்து அகற்றப்பட்டவர்களும் வந்துசேர்ந்தார்கள். நகர மையத்தில் வீட்டுவேலையும் சுமைப்பணியும் செய்தவர்களுக்கு அன்றாடப் பேருந்துப் பயணமே பெரும் சுமையாகும் தொலைவு அது.

சட்டம் இருந்தும்

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டம், மேம்பாட்டை முன்வைத்து அகற்றலைப் பின்வைத்த சட்டம். அதன் தலைப்பிலேயே ‘மேம்பாடு’ முதலில் வருகிறது. அந்த ஆண்டு சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17 சேர்ந்தன. அதன்பின் அறிவிப்பே இல்லை. அறிவிக்கப்படாத பகுதிக்குச் சட்டத்தின் காப்பு கிடைப்பதில்லை. பட்டாவும் அடிப்படை வசதியும் எட்டாக்கனி ஆகின்றன. ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற அடையாளம் இப்படித்தான் உருவாக்கப்படுகிறது.

நடைபாதை விளம்பரங்களில் அடிக்கடி காட்டப்படும் அகமதாபாத்தின் சபர்மதி ஆற்றங்கரையும் இதற்கு விலக்கல்ல. அங்கும் பல்லாயிரம் குடும்பங்கள் நகரின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டன. குஜராத் உயர்நீதிமன்றத்தை நாடிய பிறகே மறுவாழ்வு பலருக்குக் கிடைத்தது.

கேட்க வேண்டிய நேரம்

பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் ஏரிக்கரை மேம்பாட்டுப் பட்டியலில் அயனம்பாக்கம் ஏரியும் இருக்கிறது. பூங்காக்களை நாம் எதிர்க்கவில்லை. குறுகிய வீடுகளில் வாழும் மக்களுக்குத்தான் திறந்தவெளி அதிகம் தேவை. நமது கோரிக்கைகள் நான்கு. வரைபடம் தீட்டும் முன்பே, கரையில் வாழ்வோரின் சமூக, தொழில் கணக்கெடுப்பு வெளியிடப்பட வேண்டும். மாற்று வீடு அதே வட்டாரத்தில், அதே திட்டச் செலவில் கட்டப்பட வேண்டும். வீடு தயாராகி, பள்ளி ஆண்டு முடியும் வரை எவரையும் அகற்றக் கூடாது. நீரோட்டத்துக்கும் மாசுக்குமான அளவுகோல் தூணுக்கும் ஆலைக்கும் குடிசைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் ஊர் ஏரியின் வண்ணப்படம் செய்தித்தாளில் வரும்போது, அதில் நடப்பவர்களைப் பாருங்கள். அக்கரையில் நேற்றுவரை வாழ்ந்தவர்கள் அதில் எங்கே இருக்கிறார்கள் என்று கிராமசபையிலோ, வார்டு கூட்டத்திலோ கேளுங்கள். வரைபடம் தாளில் இருக்கும்போதுதான் அதைத் திருத்த முடியும்.