சந்தைக்கு வழி கேட்டவர்



2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதி தடைப்பட, புடவைக் கடைகளில் நின்ற நம் பிள்ளைகள் பலர் வேலையிழந்தனர். எஞ்சியோரிடமும் 'நாளை என்னவாகுமோ' என்ற அச்சம் நீங்கியபாடில்லை.

மக்காவில் வணிகராயிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது, அன்ஸாரித் தோழர் ஒருவர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ அத்தோழருக்கு பரகத் வேண்டி துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்கத் தொடங்கினார்கள். சிறு வியாபாரத்தை இழிவாகக் கருதவில்லை. இன்றோ, நடைபாதையில் பழம் விற்கும் மகனைக் கண்டு வெட்கப்படுவோர் பெரும்பாலும் பெற்றோரே!

கேட்பது தவக்குலுக்கு முரணன்று. கடையில் பணிபுரிவோரே, ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும், முதலாளியின் பங்காக 12 வீதமும் செலுத்தப்படுகிறதா என இப்போதே பணிவுடன் கேளுங்கள். அது உங்கள் ஹக். கடை மூடப்பட்ட பின் தேடுவது கடினம்.