மடிக்கணினி விசிறி ஏன் இரைகிறது?

மடிக்கணினியின் பிராசசர் வாங்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அதைச் சுமந்து செல்வது தட்டையான ஒரு செப்புக் குழாய். குறைந்த அழுத்தத்தில் அதற்குள் அடைக்கப்பட்ட சிறிதளவு நீர், பிராசசர் பக்கம் ஆவியாகி, மறுமுனையிலுள்ள மெல்லிய உலோகத் தகடுகளருகே குளிர்ந்து திரும்புகிறது. தகடுகளின் இடுக்கில் காற்றைச் செலுத்துவது விசிறி. சூடு ஏற ஏற அதன் வேகமும் கூடும். அதனாலும் சமாளிக்க முடியாதபோது பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பல இன்டெல் பிராசசர்களுக்கு அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ்.

ஆகவே இரைச்சல் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது விசிறியை அல்ல, பிராசசரின் சுமையை. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர் உண்டு. சிபியு அளவுப்படி வரிசைப்படுத்தினால் பெருந்தீனிக்காரர்கள் மேலே வந்துவிடுவார்கள். வைரஸ் சோதனையும், புதுப்பிப்புக்குப் பின் கோப்புகளைத் தேடலுக்காக அட்டவணையிடும் பணியும் தாமாக முடிபவை, காத்திருந்தால் போதும். உலாவியில் திறந்து மறந்த பக்கங்கள் அப்படியல்ல, மூடித்தான் ஆகவேண்டும்.

இரண்டு பெயர்கள் ஆளை ஏமாற்றும். விண்டோஸில் சிஸ்டம் ஐடில் பிராசஸ் 95 சதவீதம் என்றால், பிராசசர் அந்த அளவுக்குச் சும்மா இருக்கிறது என்றே பொருள். மேக்கில் கெர்னல் டாஸ்க் திடீரென ஏறுவது பெரும்பாலும் சூட்டுக்குக் காரணமல்ல, விளைவு: பிற நிரல்கள் பிராசசரை வாட்டாதபடி இயக்க முறைமையே வேண்டுமென்று இடத்தைப் பிடித்துவைக்கிறது.

சுமை ஏதுமில்லாமலே விசிறி இரைந்தால் கோளாறு பெரும்பாலும் காற்றுப் பாதையில். மெத்தைமேல் வைத்தால் அடிப்புறத் துளைகள் அடைபடும். பழைய கணினிகளில் விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளிபோலப் படிந்திருக்கும். மூடியைக் கழற்றாமல் கண்ணுக்குத் தெரியாது. கணினியை அணைத்து, பேட்டரி இணைப்பை விடுவித்து, இறக்கை சுழலாதபடி பிடித்துக்கொண்டு காற்றடிக்க வேண்டும். தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும். பிராசசரின் வெப்பத்தைக் குழாய்க்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருந்தால் அதையும் புதிதாகப் பூசுவது நல்லது. காற்றொலிக்குப் பதில் உரசலோ கரகரப்போ கேட்டால் பேரிங் தேய்ந்துவிட்டது. விசிறியை மாற்றுவதே வழி.

எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் தொந்தரவாக இருந்தால் பிராசசரின் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். வேகம் கூட மின்னழுத்தமும் கூட வேண்டும். மின்செலவோ மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசசரின் அதிகபட்ச அளவை 100இலிருந்து 99 சதவீதமாகக் குறைத்தால் பல கணினிகளில் டர்போ வேகம் நின்றுவிடும். கடிதம் தட்டச்சு செய்பவருக்கு வேறுபாடு தெரியாது. வீடியோ தொகுப்பவருக்கு நன்றாகவே தெரியும்.