கேட் திறந்திருந்தாலும் நின்று பாருங்கள்

ஆளில்லா லெவல் கிராசிங்குகள் போய்விட்டன. ஆபத்து போகவில்லை.

2018 ஏப்ரல் 26 காலை. உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் ஆளில்லா லெவல் கிராசிங்கைக் கடக்க முயன்ற பள்ளி வேன் மீது ரயில் மோதியது. 13 குழந்தைகள் பலி. பெருகிய கண்டனங்களுக்கிடையே ரயில்வே வேகம் காட்டியது. 2019 ஜனவரி முடிவதற்குள் அகலப் பாதைகளில் இருந்த ஆளில்லா கிராசிங்குகள் எல்லாம் அகற்றப்பட்டன. சில மூடப்பட்டன, சில இடங்களில் சுரங்கப் பாதை வந்தது, மற்றவற்றுக்குக் கேட் கீப்பர்கள் வந்தனர்.

ஆனால் 2025 ஜூலை 8-ல் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 மாணவர்கள் இறந்தார்கள். அது ஆள் உள்ள கேட்.

கேட்டில் ஆள் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சாட்சி. 'இன்டர்லாக்' செய்யப்பட்ட கேட் மூடிப் பூட்டப்பட்டால்தான் ரயிலுக்கு சிக்னல் விழும். செம்மங்குப்பத்தில் அந்த வசதி இல்லை. இத்தகைய கேட்களில் ரயில் வரும் தகவலை ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்ல, கேட் கீப்பர் மூட வேண்டும். எல்லாமே இரண்டு மனிதர்களின் கவனத்தை நம்பித்தான். விபத்துக்குப் பிறகு ரயில்வே இன்டர்லாக் விதியைத் தளர்த்தியது. தினசரி ரயில்களின் எண்ணிக்கையை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கி வரும் அளவு 20,000-ஐ எட்டினால்தான் இன்டர்லாக் என்றிருந்தது, 10,000 ஆகக் குறைக்கப்பட்டது.

எல்லா லெவல் கிராசிங்குகளையும் 5 ஆண்டுகளில் ஒழிக்க வேண்டும் என்று அனில் ககோட்கர் குழு 2012-லேயே பரிந்துரைத்தது. அதற்கு அது போட்ட கணக்கு ரூ. 50,000 கோடி. மேம்பாலங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அதுவரை வாகன ஓட்டிகளின் எச்சரிக்கைதான் காவல்.

100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு விநாடியில் 28 மீட்டர் பாய்கிறது. அவசர பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஒதுங்கிப் போகவும் வழியில்லை. கிராசிங்குக்கு 600 மீட்டர் முன்பிருந்து விசில் ஊதப்பட்டாலும், காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்பவருக்கு மிஞ்சுவது இருபது விநாடிக்குச் சற்று அதிகம், அதுவும் காதில் விழுந்தால்.

காவலற்ற கிராசிங்கில் வண்டியை நிறுத்தி, கண்டக்டரோ கிளீனரோ இறங்கிப் பார்த்து வழிகாட்ட வேண்டும், யாரும் இல்லாவிட்டால் டிரைவரே இறங்க வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டம். கேட் இருக்கும் இடத்திலும் பள்ளி வாகனங்கள் இதைப் பின்பற்றினால் நஷ்டம் ஒன்றுமில்லை. மூடிய கேட்டைத் திறந்தால் 3 ஆண்டு வரையும், உடைத்தால் 5 ஆண்டு வரையும் சிறை என்பது ரயில்வே சட்டம்.

இரட்டைப் பாதையில் ஒரு ரயில் போனதும் கிளம்பாதீர்கள். எதிர்த் திசையில் இன்னொன்று வரலாம். எதிர்ப்புறம் இடம் இருந்தால் மட்டுமே தண்டவாளத்தில் ஏறுங்கள். நடுவில் வண்டி நின்றுவிட்டால் முதலில் எல்லோரையும் இறக்கி தூரமாக அனுப்புங்கள். உடனே கேட் கீப்பரிடம் சொல்லுங்கள். சிவப்புக் கொடியோடும் விளக்கோடும் ஓடிப்போய் ரயிலை நிறுத்த அவருக்குப் பயிற்சி உண்டு. வண்டியைத் தள்ளும் வேலை அதற்கப்புறம்தான்.